கால் போத்தலில் எத்தனை அளவு? மது ஒழிப்புக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மது ஒழிப்புக் கூட்டமும் விழிப்புணர்வு நாடகமும் நடத்துகிற அண்ணன்மார், அக்காமார், சுகாதாரப் பகுதி மிஸ்மார், கோயில் கமிட்டிப் பெரியவர்கள், சங்கத் தலைவர்மார் எல்லோருக்கும் வணக்கம்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். 22 வருடம் கொழுந்து எடுத்தேன். போன வருடம் முதுகு விட்டுப்போனதில் இருந்து வீட்டில் தையல் மெஷினோடு இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள். நடுநடுவே "அம்மா, இதையும் போடணுமா?" என்று கேட்கிறாள். போடு என்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் உங்கள் ஆட்கள் எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கு வந்தார்கள். ஈரல் வீங்கிய படம் ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். அப்புறம் நாடகம். குடிகாரப் புருஷன், அழுகிற பெண்சாதி, பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளை. நன்றாகத்தான் நடித்தார்கள். இடையில் ஒரு கிழவி வேஷம் தள்ளாடிக்கொண்டு வந்தது. சேலை நழுவ, கொண்டை அவிழ, அது கெட்ட வார்த்தை பேச, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவள் திரும்பிப் பார்ப்பாளே. அந்த நேரம் எங்கள் வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் பாதி குடித்த கால் போத்தல் ஒன்று இருந்தது.

போன மாதமும் வந்தார்கள். அதே ஈரல், அதே கிழவி. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் கூட்டத்தில் பெண் என்றால் அழ வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்புக் காட்ட வேண்டும். நான் குடிப்பது கூடிப்போச்சோ என்று ராத்திரியில் தனியாக யோசிக்கிற ஒருத்தி அங்கே வந்து உட்கார்ந்தால் அவளுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

எனக்குப் பழக்கியது கெட்ட சகவாசம் எதுவும் இல்லை. மூத்தவள் பிறந்தபோது மாமியார் காய மருந்து அரைத்துக் கொடுத்து, கூடவே சின்னக் கிளாஸில் பிரண்டி ஊற்றினார். "வயித்துப் புண் ஆறும், ஒடம்பு இறுகும், கண்ண மூடிக்கிட்டுக் குடி." அன்பாகத்தான் கொடுத்தார். பால் கொடுக்கிறவளுக்கு அது ஆகாது என்று அவருக்கும் யாரும் சொன்னதில்லை. பிறகு மழைக்காலம். மே மாதம் தென்மேல் காற்று பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் இங்கே துணி காயாது. மழைக்குக் கட்டுகிற படங்கு நனைந்து இடுப்பில் கல் மாதிரித் தொங்கும். காலையில் நாலரைக்கு எழும்பி, பெரட்டுக்கு (காலையில் பேர் பதிகிற இடத்துக்கு) ஓடி, பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு மேடேறி வந்தால் அடுப்பு காத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு வாய் உள்ளே போனால் சூடு ஏறும், முதுகு மறந்துபோகும்.

அது பொய்ச் சூடு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சாராயம் தோலுக்கு அடியில் இருக்கிற இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறதாம். அதனால் மேலுக்குச் சூடு தெரிகிறது, உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகவே வெளியே போய்விடுகிறது. தூக்கமும் அப்படித்தான். படுத்ததும் அடித்துப்போட்டது மாதிரி வரும். இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க முழிப்பு வரும். பிறகு விடியும்வரை தகரத்தில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

வருடம் போகப் போக சின்னக் கிளாஸ் டீ கிளாஸாக மாறியது. ஆனால் நான் ஒருநாளும் விழுந்ததில்லை, வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை, பிள்ளைகளைப் பட்டினி போட்டதில்லை. குடிகாரி என்றால் அந்த நாடகத்துக் கிழவி. நான் அவள் இல்லையே! சரி, அப்படியென்றால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் நாடகம் எனக்குச் செய்த உபகாரம் அதுதான்.

நாடகம் பார்த்து ஏழெட்டு மாதம் கழித்து பிரஷர் என்று டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸ் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, குரலைத் தாழ்த்தி, "அக்கா, மருந்து குடுக்கத் தெரிஞ்சிருக்கணும், அதான் கேக்குறேன். தண்ணி எடுப்பீங்களா?" என்றாள். கொஞ்சம் என்றேன். "கொஞ்சம்னா எந்தக் கிளாஸ்ல?" என்று கேட்டு, மேசையில் இருந்த டீ கிளாஸையும் தண்ணீர்ப் போத்தலையும் என் பக்கம் நகர்த்தினாள். நான் வழக்கமாக ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அவள் அதை மில்லி கோடு போட்ட குவளையில் கவிழ்த்தாள். 90 மில்லி. "ஒரு கிளாஸ்னு சொன்னீங்க. இது ரெண்டரை அளவு, அக்கா" என்றாள்.

ஒரு அளவு என்றால் 10 கிராம் சுத்த மதுசாரம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். சாதாரணச் சாராயத்தில் நூற்றுக்கு 33 பங்குக்கு மேல் மதுசாரம். 180 மில்லி கால் போத்தலில் ஏறக்குறைய 48 கிராம், அதாவது கிட்டத்தட்ட 5 அளவு. பெண்கள் பியர்தானே எடுக்கிறார்கள் என்று சொல்கிற அண்ணன்மாருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லி டின் ஒன்று மூன்றரை அளவு வரும். களவாகக் காய்ச்சுகிற கசிப்பைக் கேட்டேன். "அது காய்ச்சுறவனுக்கே தெரியாதுக்கா" என்றாள்.

புருஷனும் பெண்சாதியும் சரிக்குச் சரி குடித்தால் பெண் உடம்பில்தான் அது கூடுதலாக ஏறும் என்பதையும் அவள்தான் சொன்னாள். எங்கள் உடம்பில் தண்ணீர் பங்கு குறைவு. அதனால் ஈரல் சீக்கிரம் கெடும், மார்புப் புற்றுநோய்க்கும் வழி கூடும். மார்புப் புற்றுநோய் என்ற சொல்லை உங்கள் கூட்டம் எதிலும் நான் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை. சத்தியமும் வாங்கவில்லை. "எழுதி வைங்க, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டாங்க" என்றாள். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட இருக்காது.

மகளின் பழைய கணக்குக் கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். வாழ்நாள் முழுக்க என் கிலோவைக் கணக்குப்பிள்ளைதான் எழுதினார். என்னைப் பற்றி நானே எழுதிய முதல் கணக்கு இது. முதல் வாரம் 21 அளவு வந்தது. கூட்டியது பிழை என்று இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். ஒரு மாதம் எழுதிய பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. சம்பள நாளில்தான் கூடக் குடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கொப்பி வேறு கதை சொன்னது. கிலோ குறைந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்த நாள், கொழும்பில் இருந்து என் வீட்டுக்காரர் போன் எடுக்காத நாள், அந்த நாட்களில்தான் கிளாஸ் நிறைந்திருந்தது. குளிருக்குக் குடிக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது வெயில் காலத்துப் பக்கங்களில் அம்பலமாகிவிட்டது.

பிறகு சின்னச் சின்ன வேலைதான். வந்ததும் முதலில் சுடுதண்ணீரில் கை கால் கழுவி, இஞ்சி தட்டிப் போட்ட வெறுந் தேத்தண்ணி. அடுத்தது ரொட்டி. அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் பழைய சின்னக் கிளாஸில் மட்டும். போத்தலில் ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன், அதற்குக் கீழே இறங்கக் கூடாது. வெள்ளிக்கிழமையும் போயா (பௌர்ணமி) நாளும் இல்லை என்று தொடங்கி, வாரத்தில் நாலு நாள் இல்லை என்று ஆனது. மூன்றாம் மாதம் தீபாவளிக்கு எல்லாம் குழம்பிப்போய் ஒரு வாரம் கொப்பியையே தொடவில்லை. திரும்பத் தொட்டேன். இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு நாள். முழுக்க விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொன்னதும் தெரியும். அதற்காக வாரத்துக்கு 21 அளவில் இருந்து மாதத்தில் ஒன்றிரண்டு நாளுக்கு இறங்கியது ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா?

எல்லோருக்கும் என் வழி சரிவராது. எங்கள் லயத்தில் (வரிசை வீட்டில்) மூன்றாம் காம்பரா (அறை) அக்கா விடியக்காலையிலேயே எடுக்கிற நிலைக்குப் போயிருந்தார். எடுக்காவிட்டால் கை நடுங்கும். கோயிலில் நாலு பெரியவர்கள் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார்கள். நல்ல மனதோடுதான். அன்றோடு நிறுத்தினார். அடுத்த நாள் வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், பிறகு வலிப்பு. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். அவர் தலை என் மடியில், வாயில் நுரை. லயத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? களவாகக் குடித்துச் சத்தியத்தை மீறியிருப்பாள், அம்மன் கேட்டுவிட்டாள் என்று. டொக்டர் சொன்னது நேர் எதிர்: நாள் முழுக்கக் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும், உயிரே போகலாம். மருந்தும் விட்டமின் பி1 உம் கொடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கமிட்டிப் பெரியவர்களே, கற்பூரத் தட்டை எடுக்க முன் "காலையில் கை நடுங்குதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, கோயில் பிறகு. இது ஆம்பிளைகளுக்கும்தான்.

கோயில் என்றதும் இன்னொன்று. கார்த்திகை வந்தால் எங்கள் ஆம்பிளைகள் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். 41 நாள், 48 நாள் என்று தொடுவதில்லை. பழைய கூட்டாளி போத்தலோடு வந்தாலும் "சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போகிறான். எவ்வளவு வசதி! குடிக்காமல் இருக்க மரியாதையான ஒரு காரணம், கழுத்திலேயே தொங்குகிறது. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் விட்டுவிட்டேன் என்று சொல்லவே முதலில் நான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாததால்தான் பாதிப் பேர் விடாமல் இருக்கிறோம்.

வாங்குகிற கதையும் அதே ஒளிவுதான். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1955 இல் இருந்து இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். கொழும்பில் அதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. சட்டம் எப்படி இருந்தால் என்ன, பார் வரிசையில் தோட்டத்துப் பெண் ஒருத்தி போய் நிற்க மாட்டாள். லயத்தில் களவாக விற்கிற வீட்டில் கூடுதல் விலைக்கு வாங்குவாள். 2024 இல் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோது, அதில் பெரும்பகுதி ஒரு கால் போத்தலுக்கே போய்விட்டது. இல்லாவிட்டால் பிள்ளையை அனுப்புவாள். 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று 2006 சட்டம் இருக்கிறது. நான் என் பையனை அனுப்பியபோது அவனுக்கு 13. மகள் இந்த இடத்தில்தான் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சரி, உங்களிடம் கேட்பது என்னவென்றால், முதலில் அந்தக் கிழவியை நாடகத்தில் இருந்து எடுத்துவிடுங்கள். ஈரல் படத்துக்குப் பக்கத்தில் ஒரு டீ கிளாஸையும் மில்லிக் குவளையையும் வையுங்கள். ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர்தானே. சுகாதாரப் பகுதி மிஸ்மாரே, 35 வயதில் எங்களைக் கூப்பிட்டு பிரஷர், சீனி, கர்ப்பப்பை எல்லாம் பார்க்கிறீர்கள். கர்ப்பிணி வீட்டுக்கு மழையில் நடந்து வருகிறீர்கள். அந்த அட்டையில் இந்தக் கேள்விக்கும் ஒரு வரி விடுங்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் அது போகும் என்பதையும் பிரண்டிக் கிளாஸையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள், அவரைக் குற்றவாளி ஆக்காமல். கேட்கும்போது தமிழில், தனியாக, அந்த நர்ஸ் பிள்ளை கேட்ட மாதிரி மருந்தோடு மருந்தாகக் கேளுங்கள். பதில் வரும். எனக்கு வந்ததே.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை நோட்டீஸில் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும்போது ஒருத்தி எந்த மூலையில் நின்று அதற்குப் பேசுவாள்? பிள்ளைக் காம்பராவோ (குழந்தைகளைப் பார்க்கிற இடம்) டிஸ்பென்சரியோ, வாரத்தில் ஒரு மணி நேரம் கதவு சாத்திக்கொண்டு போன் பேச ஒரு இடத்தைத் தோட்டத்திடம் கேட்டு வாங்கித் தாருங்கள். சங்கத் தலைவர்மாருக்கு அது பெரிய வேலை இல்லை.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்காதீர்கள். எங்களுக்கு விறகும் உடுப்புத் துவைப்பும் அன்றைக்குத்தான். கிழமை நாளில், அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு வாருங்கள். மூன்றாம் காம்பரா அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொப்பியை நான் கொண்டுவருகிறேன். இஞ்சித் தேத்தண்ணியும் எங்கள் செலவு.