சுட்டி (மவுஸ்) இல்லாமல் சோதித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் சிறிய கணினி மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்தும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு இணையவழி விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் என் முழுநேர வேலை.

சென்ற சேர்க்கையின்போது பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் தாயாருடன் வந்தார். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் மென்பொருளைக் கேட்டபடி என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்யக்கூடியவர். ஆனால் அவர் திறந்த கல்லூரி விண்ணப்பப் பக்கத்தில், டேப் விசையை அழுத்தி ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தபோது, அது 'எடிட், பிளாங்க்' (நிரப்பும் கட்டம், காலி) என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. எது தந்தை பெயருக்கான கட்டம், எது மதிப்பெண்ணுக்கானது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கட்டத்தின் மேலே 'தந்தை பெயர்' என்ற எழுத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிரல்வரியில் அந்த எழுத்தையும் கட்டத்தையும் 'லேபிள்' என்ற குறியால் இணைக்கவில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு வரி வேலை, அவ்வளவுதான். கடைசியில் இருந்த 'சமர்ப்பி' என்பதோ உண்மையான பொத்தானே அல்ல. சுட்டியால் அழுத்தினால் மட்டும் இயங்கும் ஒரு படம். டேப் அதில் நிற்காமல் கடந்து போயிற்று. நான் சுட்டியை எடுத்து அழுத்திக் கொடுத்தேன். "இதுக்கு மட்டும் உங்ககிட்ட வரணுமாண்ணா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பார்வை உள்ளவர்களும் வேறு வகையில் சிக்குகிறார்கள். பக்கத்தை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்தே பொத்தான்களின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். 'சப்மிட்' அடங்கிய இடத்தில் 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' என்பது இரண்டு வரியாக மடிகிறது. உயரத்தைப் பிக்சல் கணக்கில் பூட்டி வைத்திருப்பதால், 'வி'யின் மேற்சுழியும் 'வு'வின் கீழ்வளைவும் வெட்டுப்பட்டு நிற்கின்றன. அந்த உயரத்தைக் குறைந்தபட்ச உயரம் என்று மாற்றினாலே பொத்தான் எழுத்துக்கேற்ப வளர்ந்துகொள்ளும். கைப்பேசியில் இரு விரலால் பெரிதாக்க முடியாதபடி தடுத்து வைத்துள்ள பக்கங்களும் உண்டு. வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு மினி பஸ் ஏறி வந்த பெரியவர் அதில் என்ன படிப்பார்?

'எங்கள் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது' என்பதே வடிவமைப்பவர்களின் வழக்கமான மறுமொழி. ஆனால் சரியாகத் தெரிவதுபோல் இருக்கும் பக்கத்திலும் பிழை ஒளிந்திருக்கலாம். இது இன்றைய தரத்தில் எழுதிய பக்கம் என்று உலாவிக்குச் சொல்ல, முதல் வரியில் இருக்க வேண்டிய டாக்டைப் அறிவிப்பு விடுபட்டால், பழைய பக்கங்கள் உடையாமலிருக்க இன்றும் வைத்திருக்கும் 'குவர்க்ஸ் மோடு' என்ற நிலைக்கு உலாவி போய்விடுகிறது; அந்த நிலையில், பக்கத்துக்குக் குறித்த எழுத்தளவை அட்டவணைகள் ஏற்பதில்லை. மற்ற எழுத்தெல்லாம் பெரிதாக இருக்க, கட்டண விவரம் மட்டும் ஏன் சிறுத்துக் கிடக்கிறது என்று தேடினால், காரணம் சில வேளை இந்த ஒரு வரிதான். 2022 ஜூனில் ஆதரவு முடிந்துபோன இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பார்க்கும்படி அறிவுறுத்தும் பக்கத்தை இன்னும் காண்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் மையத்தின் இணையப் பக்கத்திலும் கட்டணப் பட்டியலை ஸ்கேன் செய்த படமாகத்தான் போட்டிருந்தேன். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் படம். பக்கத்தின் மொழி 'ஆங்கிலம்' என்று குறித்திருந்ததால், மற்றத் தமிழ் வரிகளும் ஆங்கிலக் குரலிடம் போய்ச் சேர்ந்தன. இரண்டையும் ஒரே மாலையில் திருத்தினேன். எழுத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் மேல்மூலையில் 'அ+', 'அ-' என்று பொத்தான் வைப்பதை மட்டும் ஒரு திருத்தம் என்று கணக்கில் எடுக்காதீர்கள். பெயரில்லாக் கட்டத்துக்கு அது பெயர் சூட்டாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகள் 2009 முதலே உள்ளன. எண்முறைச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் கூறு என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு இருக்க வேண்டும், எழுத்தை 200 விழுக்காடாக, அதாவது இரு மடங்காக, பெரிதாக்கினாலும் எதுவும் மறையக்கூடாது என்று இணைய அணுகலுக்கான உலகளாவிய நெறிகள் அளவோடு சொல்கின்றன.

எனவே, இணையதளம் செய்து வாங்கும் கல்லூரிகளும் அலுவலகங்களும், ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைத் தரும் முன், திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை உட்காரவைத்து, ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து முடிவுவரை நிரப்பச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் கணினியிலிருந்து சுட்டியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடட்டும்.

இங்ஙனம்,
கணினி மையம் நடத்துபவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.