சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தம்

அன்புள்ள அம்மிணி,

ஜப்பானிலிருந்து நீ வாட்ஸப்பில் அனுப்பின சம்பளச் சீட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நீ தமிழில் குறித்து வைக்காமல் விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் மில் ஆபீசில் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்குப் பார்த்தே ரிட்டையர் ஆனவள் நான். எந்த ஊர்ச் சீட்டாக இருந்தாலும் கண் முதலில் பிடித்தத்துக்குத்தான் போகும்.

"மாசம் 42,000 யென் இன்ஷூரன்ஸுக்கே போகுது, நான் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்லை" என்று எழுதியிருக்கிறாய். பிடித்தமே இல்லாமல் 3 லட்சத்து 60 ஆயிரம் கையில் தருகிறேன் என்று ஒருவர் கூப்பிடுகிறார், கம்பெனி ரோலில் இல்லாமல் தனி ஒப்பந்தத்தில் போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். போகாதே என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

முதலில், அந்த 42,000 முழுக்க மருத்துவக் காப்பீடு இல்லை. இரண்டு வரி இருக்கிறது பார். கென்கோ ஹோகென் என்பதுதான் வைத்தியத்துக்கு. கோசெய் நென்கின் என்பது பென்ஷன். பென்ஷனுக்கு உன் சம்பளத்தில் 18.3 சதவீதம், நீ பாதி, கம்பெனி பாதி. 3 லட்சத்துக்கு உன் பங்கு 27,450 யென். வைத்தியத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம், மாகாணத்துக்கு மாகாணம் கொஞ்சம் மாறும், அதிலும் பாதிதான் உன்னுடையது. ஆக, நீ சண்டை போட வேண்டியது 15,000 யென்னோடு மட்டும். பென்ஷன் பணத்தில் ஒரு பகுதியை, பத்து வருஷம் முடிவதற்குள் ஊர் திரும்பினால், கிளம்பின இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. கட்டினது கட்டினதுதான். அதனால் பலன் உண்டா இல்லையா என்ற கேள்வி அந்த 15,000-க்குத்தான் நியாயமாகப் பொருந்தும்.

உன் சீட்டில் தெரியாத ஒன்று, கம்பெனி உனக்காகப் போடுகிற இன்னொரு 42,000. புது இடத்தில் அது இருக்காது. 60,000 கூடக் கிடைக்கிறது என்று நீ நினைக்கிறாய். கம்பெனிப் பங்கைக் கழித்தால் மிச்சம் 18,000. அதற்குள் போனஸ், ரயில் பாஸ், சம்பளத்தோடு லீவு எல்லாவற்றையும் ஈடு கட்டியாக வேண்டும். இந்தக் கணக்கை யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். மில்லில் காண்ட்ராக்டர்களும் சொன்னதில்லை.

பிடித்தமே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 1961-லிருந்து ஜப்பானில் எல்லோரும் ஏதாவது ஒரு பொதுக் காப்பீட்டில் இருந்தாக வேண்டும். 2012 ஜூலையிலிருந்து, மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவருக்கும் அப்படித்தான். கம்பெனிக் காப்பீட்டை விட்டு வெளியே வந்தால் 14 நாளுக்குள் குயாக்குஷோ என்கிற வார்டு ஆபீசுக்குப் போய், கொக்குமின் ஹோகென் என்கிற, கம்பெனிக் காப்பீட்டில் இல்லாதவர்களுக்கான பொது மருத்துவக் காப்பீட்டில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாமல் இருந்துவிட்டுப் பிறகு போனால் பழைய பாக்கியையும் சேர்த்து வாங்குவார்கள், இடையில் செய்த செலவுக்குப் பணம் கேட்டால் கிடைப்பது சந்தேகம். அந்த ஆள் "பிரைவேட் டிராவல் இன்ஷூரன்ஸ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், போதும்" என்றாராமே? போதாது. அது வேண்டுமானால் மேல்செலவுக்கு ஆகும், சட்டத்துக்கு ஆகாது. நாளைக்கு நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கும்போது வரி, பென்ஷன், மருத்துவக் காப்பீடு மூன்றையும் கெடு தவறாமல் கட்டினாயா என்று ரசீதோடு கேட்பார்கள்.

உன் சிநேகிதி மாதம் சில ஆயிரம் மட்டும் கட்டுகிறாள் என்கிறாயே, அது ஏன் தெரியுமா? கொக்குமின் ஹோகெனில் போன வருஷ வருமானத்தை வைத்துத்தான் கட்டணம் போடுவார்கள். அவள் இப்போதுதான் வந்திருக்கிறாள், ஜப்பானில் அவளுக்குப் போன வருஷ வருமானமே இல்லை. உனக்கு இருக்கிறது. முதல் மாதமே உனக்குப் பெரிய தொகைதான் வரும், அதையும் முழுக்க நீயே கட்ட வேண்டும். அவளுக்கும் வருமானம் ஏறினபின் வருகிற கடுதாசியைப் பார்த்துத் தலை சுற்றும். கம்பெனியை விட்டுப் போனால் பென்ஷனுக்கும் தனியாக மாதம் 17,000 யென்னுக்கு மேல் நீயே கட்ட வேண்டும்.

சரி, 15,000 யென்னுக்கு என்ன கிடைக்கிறது? சளி காய்ச்சலுக்கு கிளினிக் போனால் பில்லில் 30 சதவீதம் நீ தருகிறாய். எல்லோரும் சொல்வது அதைத்தான். என்னைக் கேட்டால் அது பெரிய விஷயமே இல்லை. சளிக்குக் காப்பீடு வேண்டியதில்லை, கஷாயம் போதும். பெரிய விஷயம் இரண்டு.

ஒன்று, ஆஸ்பத்திரியில் நீ தருகிற பணத்துக்கு இருக்கிற வரம்பு. ஒரு அறுவைச் சிகிச்சைக்கு 10 லட்சம் யென் பில் என்று வை. 30 சதவீதம் என்றால் 3 லட்சம், உன் ஒரு மாதச் சம்பளம் முழுக்க. ஆனால் உன் சம்பள வகுப்புக்கு 2025 கணக்குப்படி ஒரு மாதத்தில் நீ தர வேண்டியது 87,430 யென்தான். 80,100 யென், அதோடு மொத்த பில்லில் 2,67,000-க்கு மேல் போன தொகையில் ஒரு சதவீதம். போட்டுப் பார், சரியாக வரும். சிகிச்சை நீண்டு, 12 மாதத்துக்குள் மூன்று தடவை இந்த வரம்பைத் தொட்டுவிட்டால் நாலாவது தடவையிலிருந்து 44,400. இந்த வரம்பை உயர்த்த அரசாங்கம் 2025-இல் முயன்று, புற்றுநோயாளிகள் எதிர்த்ததும் நிறுத்தி வைத்தது. இனிமேல் உயர்ந்தாலும் உயரும். ஆனால் வரம்பு என்று ஒன்று இருக்கும். மை நம்பர் கார்டை, அதான் நம் ஆதார் மாதிரி அங்கே இருக்கிற அடையாள அட்டையை, காப்பீட்டு அட்டையாகப் பதிந்து வைத்திருந்தால் கவுன்ட்டரிலேயே இந்த அளவுக்கு மட்டும் வாங்கிக்கொள்வார்கள். நீ பதிந்துவிட்டாயா இல்லையா என்று சொல்லவே இல்லை. 2024 டிசம்பரோடு பழைய அட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், ஞாபகம் வைத்துக்கொள்.

இதுவரைக்கும் சொன்னது கொக்குமின் ஹோகெனிலும் உண்டு. இரண்டாவதுதான் அங்கே இல்லாதது. நோயில் படுத்து வேலைக்குப் போக முடியாவிட்டால், தொடர்ந்து மூன்று நாள் கழிந்து நாலாவது நாளிலிருந்து சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தருகிறார்கள். உன் சம்பளத்துக்கு மாதம் ஏறக்குறைய 2 லட்சம் யென், மொத்தம் ஒன்றரை வருஷம் வரைக்கும். ஷோப்யோ தேயாதே என்று பெயர். கம்பெனியில் கேட்டால் படிவம் தருவார்கள். ஒரு வருஷம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்துவிட்டு, இந்தப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே வேலையை விட நேர்ந்தாலும் தொடரும். ஊர் உறவு பக்கத்தில் இல்லாமல் வாடகை வீட்டில் தனியாக இருக்கிற ஒருத்திக்கு, டாக்டர் பில்லைவிட நின்றுபோன சம்பளம்தான் ஆளை அடிக்கும். நீ இருக்கிற நிஷி கசாயில் வாடகை உனக்கு உடம்பு சரியாகும்வரை காத்திருக்குமா?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மில்லுக்கு வந்த பையன்கள் எல்லோரும் உன்னை மாதிரியேதான் பேசுவார்கள். "மேடம், ஈ.எஸ்.ஐ. வேண்டாம், பிடிக்காம கையிலே குடுங்க." இருபது வயசு, இரும்பு மாதிரி உடம்பு, அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி? ஒரே அறையில் தங்கியிருந்த இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் காசநோய். ஒருவன் கம்பெனி ரோலில் இருந்தான். ஈ.எஸ்.ஐ.யில் மருந்து இனாம், நீண்டகால நோய் என்று சம்பளத்தில் 80 சதவீதம் மாதாமாதம் வந்தது. கொஞ்ச நாள் கழித்து அவனே வந்து கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தான். இன்னொருவன் ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தவன். கையில் கூட வருகிறது என்று போனவன், பதிவே இல்லை. மருந்து கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் இனாமாகக் கிடைத்தது, வருமானம்தான் இல்லை. பாதி மருந்தில் ரயில் ஏறிவிட்டான். அவன் பேரைக்கூட என்னால் எந்த லெட்ஜரிலும் தேட முடியாது, ஏனென்றால் எழுதவே இல்லை.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இதில் லாபமா என்று கணக்காகவே கேட்டால், ஒரு கூட்டமாகப் பார்த்தால் தலைக்கணக்குக்கு உங்களுக்காகச் செலவாவது குறைவுதான். அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. கொக்குமின் ஹோகெனில் நூற்றுக்கு நாலு பேர் வெளிநாட்டவர். செலவாகும் பணத்தில் அவர்களுக்காகப் போவது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. எல்லாம் வயசுப் பிள்ளைகள், அதுதான் காரணம். அந்த ஊர்க் கிழவர்களுக்கு உன் காசு போகிறது என்று நீ எரிச்சலாக எழுதியிருந்தாய். போகிறதுதான். அப்படியிருந்தும் வெளிநாட்டவர் வந்து காப்பீட்டைக் கறக்கிறார்கள் என்று அங்கே சிலர் பேசுகிறார்களாம், அவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது காட்டினால் தேவலை. ஆனால் கூட்டமாகக் குறைவாக எடுக்கிறீர்கள் என்பதால் உனக்குத் தனியாக நஷ்டம் என்று ஆகிவிடாது. வரம்பும் மூன்றில் இரண்டு பங்குச் சம்பளமும் உனக்கு ஒருத்திக்காக நிற்கிறது.

வேலையில் அடிபட்டால் அது வேறு கணக்கு. ரோசாய் என்று தனியாக இருக்கிறது, அதற்கு முழுப் பணமும் முதலாளிதான் கட்டுகிறார், உனக்குச் செலவே கிடையாது. தனி ஒப்பந்தத்தில் போனால் அதுவும் தானாக வராது.

அப்பாவையும் என்னையும் உன் காப்பீட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டாய். முடியாது சாமி. முன்னே ஊரில் இருக்கிற பெற்றோரையும் சேர்க்க வழி இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து ஜப்பானில் குடியிருப்பவர்களை மட்டும்தான் சேர்க்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு இங்கே இருப்பது போதும், அதை நினைத்து மண்டையை உடைக்காதே. ஆனால் நாளைக்கு உனக்கென்று ஒருவர் வந்து உன்னோடு அங்கே இருந்தால், அவருக்குப் பெரிய வருமானம் இல்லாதவரை உன் காப்பீட்டிலேயே கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துகொள்வார். கொக்குமினில் தலைக்குத் தலை கட்டணம். பிரசவத்துக்கு இரண்டிலுமே 5 லட்சம் யென் தருகிறார்கள், 2023 ஏப்ரலிலிருந்து. பிரசவ லீவுக்கு மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம் உன் கம்பெனிக் காப்பீட்டில் மட்டும்தான். கல்யாணப் பேச்சை நைசாக நுழைக்கிறேன் என்று நினைக்காதே, கணக்கு அப்படிப் போகிறது, நான் என்ன செய்ய?

எல்லாமே கிடைக்கும் என்றும் நம்பிவிடாதே. பல்லுக்குக் கம்பி போடுவது, தடுப்பூசி, தனி அறை வாடகை இதெல்லாம் உன் கைக்காசு. சின்ன கிளினிக்கில் கடிதம் வாங்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் தனியாக 7,000 யென்னாவது வாங்கிவிடுவார்கள். முதலில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போ. கம்பெனியில் வருஷா வருஷம் உடம்பைச் சோதிப்பார்களே, அதற்கு லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதே.

இப்போது முக்கியமான ஒன்று. நீ லீவுக்கு வந்தபோது டெங்குவில் படுத்து, அப்பா ஆஸ்பத்திரியில் பணம் கட்டினாரே, அதில் ஒரு பங்கை உன் காப்பீட்டில் கேட்கலாம். வைத்தியத்துக்கென்றே வெளிநாடு போனால்தான் தர மாட்டார்கள். லீவில் வந்த இடத்தில் நோய் வந்தால் தருவார்கள். ஜப்பானில் அதே வைத்தியத்துக்கு என்ன ஆகுமோ அதையும் நாம் கட்டினதையும் பார்த்து, எது குறைவோ அதில் 30 சதவீதம் கழித்து மிச்சம் வரும். நம் ஊர் பில் அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். பணம் கட்டின நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம், இன்னும் தாண்டவில்லை. டாக்டர் எழுதித் தரும் படிவம் ஒன்று, செலவை இனம் இனமாகப் பிரித்துக் காட்டும் படிவம் ஒன்று, இரண்டுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் பேர் முகவரியோடு. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தின பக்கத்தின் நகலும் கேட்பார்கள்.

பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் என் பீரோவில் இருக்கிறது, ஒரு தாளும் தொலையவில்லை. உங்கள் கம்பெனியில் படிவத்தைக் கேட்டு எனக்கு மெயிலில் அனுப்பு. டாக்டரிடம் நானே போய் உட்கார்ந்து கையெழுத்து வாங்கி வருகிறேன். அவர் செவ்வாயும் வெள்ளியும்தான் இருப்பார், அதனால் திங்களுக்குள் அனுப்பிவிடு. அந்த ஒப்பந்தத் தாளையும் கூடவே அனுப்பு, அதில் ஷாகாய் ஹோகென் (கம்பெனி வழியாக வரும் மருத்துவக் காப்பீடும் பென்ஷனும்) என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று நீ முதலில் பார்த்துவிட்டு.

அன்புடன்,
அம்மா