பாவம் பார்க்க வேண்டாம், சிரிக்க விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பார்வையில்லாத ஒருவர் காதலியைத் தேடுவதை வைத்து நகைச்சுவைப் படம் எடுப்பது தகுமா என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 'அவர்களே பாவம், அவர்களை வைத்துச் சிரிப்பு எதற்கு' என்று வருத்தப்பட்டிருந்தார். அவருடைய நல்ல மனது புரிகிறது. ஆனால் அந்தப் 'பாவம்'தான் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத சொல். என் கணவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

எங்களுடையது காதல் கல்யாணம். மாப்பிள்ளையைப் பார்க்க வந்த என் பெரியப்பா அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தம்பியைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "அவனுக்கு இன்னும் வேலையே கிடைக்கலைங்க. என் சம்பளம் வேணும்னா நான் சொல்றேன்" என்றார். கூடமே சிரித்தது, பெரியப்பாவும்தான். அதற்கப்புறம் அவர் நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். காதல் நகைச்சுவை எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா? கம்பத்தில் முட்டிக்கொள்வதும், ஆள் மாறிக் கையைப் பிடிப்பதும்தான் சிரிப்பு என்று எழுதுபவர்கள் பார்வையில்லாத ஒருவரோடு ஒரு நாள்கூடப் பழகாதவர்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஓர் இந்தி நகைச்சுவைப் படத்தைப் பற்றிய வழக்கில், 2024 ஜூலையில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகளைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, அவர்கள் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார்கள். சிரிக்கவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

நம் ஊரில் இதற்கு நல்ல முன்னுதாரணம் 'ராஜ பார்வை'. 1981-இல் வந்தது. கமல்ஹாசனின் 100-வது படம், சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கியது. பார்வையில்லாத வயலின் கலைஞன் காதலிக்கிறான், கோபப்படுகிறான், குறும்பு செய்கிறான். காதலுக்குத் துணை நிற்கும் தாத்தாவாக எல்.வி. பிரசாத் வரும் இடங்களெல்லாம் அவ்வளவு இனிமை. முக்கியமான விஷயம், கடைசிவரை அவனுக்குப் பார்வை வருவதில்லை. கண்தெரியாத பாத்திரம் என்றாலே கடைசியில் ஆபரேஷன், கட்டு அவிழ்ப்பு, முதலில் தெரியும் முகம் என்று முடிக்கும் வழக்கம் நம் சினிமாவை இன்னும் விடவில்லை. மாதவி நடித்த நான்சி அவனை அப்படியே விரும்புகிறாள். நானும் அப்படித்தான். கண் வந்தால்தான் காதல் முழுமையாகும் என்று முடியும் படங்களைப் பார்க்கும்போது எங்கள் கல்யாணத்தையே குறைவாகச் சொல்வது போல இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட படத்தைப் பார்வையில்லாதவரே ரசிக்க முடியாவிட்டால் என்ன பயன்? வசனம் இல்லாமல் முகபாவனையில் வரும் சிரிப்புக்குத் தியேட்டரே குலுங்கும். இவர் என் பக்கம் சாய்ந்து, "என்னாச்சு?" என்பார். நான் காதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சிரிப்பு போய்விடும். முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்த்து 'உஷ்' என்பார். காட்சியில் நடப்பதை இடையிடையே சொல்லும் ஒலி விவரிப்பு இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது, செல்போனில் இயர்போன் மாட்டிக் கேட்டுக்கொள்ளலாம். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. ஆனால் நாங்கள் போகும் தியேட்டரில் கேட்டால், டிக்கெட் கவுண்டரில் இருப்பவருக்கு நாம் எதைக் கேட்கிறோம் என்பதே புரிவதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் வரும் திரை விமர்சனங்களில் நடிகர், இயக்குநர் பெயர்களோடு, படத்துக்கு ஒலி விவரிப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி சேருங்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். இல்லை என்று வாராவாரம் அச்சில் வந்தால் தயாரிப்பாளர்களும் கவனிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்