சசெக்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மலருக்கு,

கேட்டதற்கு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒற்றை வரி போட்டிருக்கிறாய். சரிம்மா. வேறெதையும் கேட்கவில்லை. புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்து நுரை வைன் செய்ய நீ அனுப்பிய சாமான் பட்டியலைப் பார்த்தேன், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சர்க்கரை 24 கிலோ, வைன் 1000 லிட்டர் என்று போட்டிருக்கிறாய். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் புட்டிக்குள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். ஆறு வேண்டுமானால் 24 கிராம், சரிதான். ஆனால் முதல் நொதிப்பு முடிந்த பேஸ் வைனில் லிட்டருக்கு 2 கிராம் சர்க்கரை மிச்சம் இருந்தால் நீ சேர்க்க வேண்டியது 22 கிலோதான். ஆய்வகத்தில் அளந்து பார்த்தாயா? ஒருவர் நிறுக்க இன்னொருவர் எழுத வேண்டிய வேலை இது. நீயே நிறுத்து நீயே எழுதினால் தப்பு கண்ணில் படாது.

ஈஸ்ட்டை நேரே வைனில் கொட்டிவிடாதே. உங்கள் ஊர்த் திராட்சையில் அமிலம் அதிகம், பி.எச். 3 பக்கம் நிற்கும். மேலே 10, 11 சதவீத ஆல்கஹால், நிலவறைக் குளிர், கந்தக டையாக்சைடு வேறு. இத்தனையையும் ஒரே நாளில் ஈஸ்ட் தாங்காது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சர்க்கரை கலந்த வைனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சில நாட்கள் பழக்கு. நன்றாக நுரைத்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியில் சேர்க்க வேண்டும்; சர்க்கரை தீர்ந்து அடங்கியபின் சேர்த்தால் பாதியில் நின்றுவிடும். புட்டியில் நிரப்புகிறவரை தொட்டியைக் கலக்கிக்கொண்டே இரு. இல்லாவிட்டால் ஈஸ்ட் அடியில் தங்கி, கடைசிப் புட்டிகளுக்கு மட்டும் நிறையப் போகும். ஒருவர் கலக்க, ஒருவர் நிரப்ப, ஒருவர் சோடாப் புட்டிக்குப் போடுவதுபோன்ற கிரௌன் மூடி அழுத்த என்று மூன்று பேர் வேலை அது. இரண்டு பேராவது வேண்டும்.

டார்டரிக் உப்பைக் குளிரவைத்து முன்பே படியவைத்துவிட்டாய் அல்லவா? அந்தப் படிகம் ஒன்று உள்ளே இருந்தாலும் திறக்கும்போது பாதி வைன் பொங்கிக் கொட்டும்.

புட்டி வெடித்தால் முகத்தைக் காக்கும் கவசம் ஒன்று என்று போட்டிருக்கிறாய். போன வருடப் பட்டியலில் இரண்டு இருந்தது.

நிலவறையை 12 டிகிரியில் வை. குளிரில் மெதுவாக நொதித்தால் குமிழி நைசாக வரும். வாரம் ஒரு புட்டியில் அழுத்தமானி வைத்துப் பார். அழுத்தம் இரண்டு மூன்றிலேயே நின்றுவிட்டால் 15, 16 டிகிரிக்கு ஏற்றி, ஈஸ்ட் வண்டல் எழும்படி புட்டிகளைக் குலுக்கி அடுக்க வேண்டும். அதைத் தனியாகச் செய்யாதே. ஒன்று வெடித்தால் சில்லு பட்டுப் பக்கத்துப் புட்டியும் வெடிக்கும். பழைய புட்டி ஒன்றையும் கலக்காதே, கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். ஆங்கிலேய அறிஞர் கிறிஸ்டோபர் மெரெட் 1662-இலேயே வைனில் சர்க்கரை சேர்ப்பதை எழுதிவைத்தாரே, நிலக்கரி உலையில் உருக்கிய கனத்த ஆங்கிலக் கண்ணாடி இருந்ததால்தான் அந்த வைன் புட்டியில் நின்றது.

ஏப்ரல் உறைபனியில் விடிய விடிய மெழுகு வாளி ஏற்றி மொட்டுகளைக் காப்பாற்றியவள் நீ. உன் அத்தையிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதையும் தனியாகவே செய்தாய் என்று மற்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வண்டலைப் புட்டிக் கழுத்துக்கு இறக்கும் ரிட்லிங், அதை வெளியேற்றும் டிஸ்கார்ஜிங் எல்லாம் பிறகு. ஒன்பது மாதம் வண்டலோடு கிடந்தால் சட்டத்துக்குப் போதும். உன் அமிலத்துக்குப் போதாது. இரண்டு வருடமாவது விடு. பணத்துக்காக முன்கூட்டித் திறக்கும் நிலை என்றால் என்னிடம் சொல், பார்த்துக்கொள்ளலாம்.

ஈஸ்ட் பழக்க ஆரம்பிக்கும் தேதியைச் சொல். அந்த வாரம் விடுப்பு கேட்டு வைத்திருக்கிறேன். மூடி அழுத்தும் வேலை எனக்குத் தெரியும். இரவில் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அம்மா