கணவருக்கும் அதே கிட்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் கணவர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், அதுவும் மனைவியை பைக்கில் கூட்டி வருபவராக. அரசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எச்ஐவி, உடலுறவில் பரவும் இன்னொரு நோயான சிபிலிஸ் இரண்டையும் ஒரே பட்டையில் பார்க்கும் கிட் வந்துவிட்டது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தம் போதும். 15 முதல் 20 நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையாக இதைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. ஆண் ரத்தத்துக்கென்று தனி கிட் எதுவும் வேண்டாம், இதே கிட்தான். அப்புறம் ஏன் அவர் வெளியே வேப்பமரத்தடியில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்?

மனைவிக்கு பாசிட்டிவ் வந்தால் கணவரையும் அழைத்துப் பார்க்க வேண்டும் என்ற வழிமுறை இருக்கிறது. சிக்கலே அந்த வரிசையில்தான். முதலில் தெரிய வருவது மனைவிக்கு. உடனே வீட்டில், 'இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி அவள் மேல் பாயும். அவள் வயிற்றில் பிள்ளையோடு மாமியார் முன்னால் நிற்க, நோயைக் கொண்டுவந்தவரோ வேலை இருக்கிறது என்று ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருப்பார். முதல் செக்கப் அன்றே இருவருக்கும் பார்த்துவிட்டால் இந்த முந்தி பிந்தி இல்லை. இது வெறும் நியாயம் பற்றிய பேச்சும் அல்ல. சிபிலிஸ் ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்பதில்லை. மனைவிக்கு மட்டும் பென்சிலின் ஊசி போட்டு அனுப்பினால், கணவரிடமிருந்து திரும்பவும் தொற்றலாம். வயிற்றுப் பிள்ளை இறந்தே பிறக்கும் அளவுக்கு அது கொண்டுபோய் விடும்.

ஆண்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. சிபிலிஸில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஏதோ களிம்பு தடவியதால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நோய் உள்ளேயே இருக்கும். வெள்ளை, சீழ், எரிச்சல் என்று வந்தால்தான் பயம் வரும். அப்போதும் முதலில் கண்ணில் படுவது பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் 'ஆண்களின் ரகசிய நோய்களுக்கு' என்று ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ். அரசின் எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்று இவ்வளவு துணிச்சலாக யாராவது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோமா?

கிட் மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சிபிலிஸ் கோடு நோய் எதிர்ப்புப் பொருளைப் பார்த்து வருவது. சிகிச்சை எடுத்துக் குணமானவருக்கும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அது வந்துகொண்டே இருக்கும். இப்போது நோய் இருக்கிறதா என்று அறிய ஆர்பிஆர் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். எச்ஐவியிலும் ஒரு கோட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது, வேறு கிட்களிலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தொற்றி ஓரிரு வாரமே ஆனவருக்கு எதுவும் தெரியாமல் போகலாம். இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க ஆலோசகர் வேண்டும்.

உடலுறவில் பரவும் மற்ற இரண்டு நோய்களான வெட்டையும் (கொனோரியா) கிளமிடியாவும் இந்தப் பட்டையில் வரவே வராது. அவற்றுக்குச் சிறுநீர் வேண்டும், ஆணுக்குச் சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது முதலில் வரும் பகுதி. நம் அரசு மையங்களில் ஆணுறுப்பில் சீழ் என்று வந்தவருக்கு அறிகுறியை வைத்தே சாம்பல் நிறப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புகிறோம், உள்ளே அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் இருக்கும். சீழோடு வந்தவருக்குச் சரி. அறிகுறியே இல்லாதவருக்கு? கிளமிடியா உள்ள ஆண்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. அமெரிக்காவில் இந்த இரண்டையும் சுமார் அரை மணி நேரத்தில், சாதாரண கிளினிக்கிலேயே, ஆண்களுக்கும் பார்க்கும் கருவிக்கு 2021-இல் அனுமதி கொடுத்தார்கள். நாம் அதற்காகப் புது மெஷின் தேட வேண்டியதில்லை. காசநோய்க்கு வைத்திருக்கும் சிபிநாட் மெஷினுக்கே இந்த இரண்டுக்குமான கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்தில் ரிசல்ட் வரும். விலை இடிக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் வேண்டாம், பால்வினை நோய்களுக்கான அரசின் சுரக்ஷா கிளினிக்குக்கு வருபவர்களிடமிருந்தாவது தொடங்கலாம்.

கணவருக்கான கிட்டுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கட்டாயப்படுத்தக் கூடாது. சம்மதம் வாங்காமல் எச்ஐவி பார்க்கவும், ரிசல்ட்டை வெளியே சொல்லவும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேச ஓர் அறை வேண்டும். தினக்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர மாட்டார், அதனால் வாரத்தில் ஒரு நாளாவது மாலை ஏழு மணி வரை ஆய்வகம் திறந்திருக்க வேண்டும். மருத்துவத் துறை அமைச்சரையோ அதிகாரிகளையோ அடுத்த முறை பேட்டி எடுக்கும்போது, இந்த மாலை நேரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
திண்டுக்கல்.