முதலில் தங்கச்சியை அழை

அன்பு மகனுக்கு,

போன கிழமை குடும்ப வட்ஸ்அப் குழுவில் நீ எழுதியதைப் பார்த்தேன். அம்மா மெலிந்துவிட்டார், பகலில் மீனோ முட்டையோ கொடுப்பதில்லையா, நான் எடுத்தால் அவரைக் கதைக்கவும் விடுவதில்லையா என்று கேட்டிருந்தாய். தங்கச்சி பதில் எழுதவில்லை, எழுதவும் மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

மீனை முதலில் சொல்கிறேன். அம்மாவின் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற குளிசை லெவோடோபா. குடலிலிருந்து இரத்தத்துக்கும், பிறகு மூளைக்கும் அது போகிற வழியில்தான் மீன், முட்டை, பருப்பு இவற்றின் புரதமும் செரித்துப் போகிறது. இரண்டும் ஒன்றாகப் போனால் குளிசை பிந்திவிடும், அம்மாவுக்குக் கால் எழும்பாது. வைத்தியரிடம் கேட்டுத்தான் தங்கச்சி புரதச் சாப்பாட்டை இரவுக்கு மாற்றினாள். எல்லா நோயாளிக்கும் இது தேவைப்படாதாம்; அம்மாவுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. இரவில் புட்டும் மீன் குழம்பும் ஆசையாகச் சாப்பிடுகிறார். முள் எடுத்துக் கொடுப்பது நான். இந்த நோயில் உடம்பு மெலிவதும் உண்டு. கிளினிக்கில் பார்க்கிற நிறையை ஒவ்வொரு முறையும் தங்கச்சி கொப்பியில் குறித்து வைக்கிறாள். கேட்டால் படம் எடுத்து அனுப்புவாள்.

கதைக்க விடுவதில்லை என்றாய். நவம்பரில் ரொறன்ரோவில் மணிக்கூட்டை மாற்றியதும் நமக்கிடையில் ஒன்பதரை மணித்தியாலமாக இருந்தது பத்தரை ஆகிவிட்டது. நீ இரவு ஒன்பதுக்கு எடுக்கும்போது இங்கே காலை ஏழரை. அம்மாவுக்குக் காலைக் குளிசை ஏழு மணிக்கு. அது பிடிக்க முக்கால் மணித்தியாலமாவது செல்லும். ஏழரைக்கு அவர் முகத்தில் அசைவு இருக்காது, குரலும் எழும்பாது, இந்த நோய் குரலையும் தணித்துவிடும். உன் காலை ஏழரைக்கு, வேலைக்குப் போகுமுன் எடு. இங்கே மாலை ஆறு மணி. பின்னேரக் குளிசை பிடித்திருக்கும். பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்வார்.

இன்னொன்று. கமெராவில் தரையெல்லாம் சிவப்பு டேப் தெரிகிறது, அசிங்கமாக இருக்கிறது, கழற்றச் சொல்லுங்கள் என்றாய். கதவு நிலைக்குக் கிட்ட வந்ததும் அம்மாவின் கால் தரையோடு ஒட்டிவிடுகிறது. உடம்பு முன்னே போகும், கால் போகாது. விழுவது அப்படித்தான். தரையில் குறுக்குக் கோடு தெரிந்தால் அதைத் தாண்டக் கால் எழும்பும் என்று உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் சொன்னார். அன்று வேலை முடிந்து வந்த கையோடு தங்கச்சி முழங்காலில் இருந்து, அம்மாவின் அடியை அளந்து, கட்டிலடியிலிருந்து குளியலறை வரை வெட்டி வெட்டி ஒட்டினாள். முதற்கோட்டில் அம்மா நின்றார். பெருவிரல் மட்டும் அசைந்தது. தங்கச்சி இழுக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று, "கோட்டைத் தாண்டுங்கள் அம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மா காலைத் தூக்கி வைத்தார். பிறகு அடுத்த கோடு. நிலையையும் அப்படியே தாண்டிப் போனார். அந்த டேப்பை நான் கழற்றவிட மாட்டேன்.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, மகன். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்புக்கு வருகிற ஆட்களைத் தேடிப் பிடித்து நீ கொடுத்துவிட்ட குளிசைகளால்தான் அம்மா அந்த ஆண்டைக் கடந்தார். அதை நான் மறக்க மாட்டேன். பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற சூப்பர் விசாவில் வந்து ஒரேயடியாக ஐந்து ஆண்டு இருக்கலாம் என்று நீ கேட்பதும் அன்பினால்தான். ஆனால் இந்த நோயோடு காப்புறுதி எடுத்து, அந்தக் குளிரில் அம்மாவை வீட்டுக்குள் வைத்திருக்க எனக்கு மனமில்லை. அவருக்கும் இல்லை.

தங்கச்சி காலையில் தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வந்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். அரசாங்கக் கிளினிக்கில் காசு வாங்குவதில்லை, ஆனால் விடியுமுன் போய் வரிசையில் நிற்கவேண்டும். அவளுடைய லீவெல்லாம் அதில் போகிறது. வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறான். இத்தனைக்கும் நடுவில், லண்டன் மாமியும் மெல்பேண் சித்தப்பாவும் பார்க்கிற குழுவில் அண்ணன் அப்படிக் கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? அன்று இரவு அவள் சாப்பிடாமல் போனாள்.

இனி எங்களை எடுக்குமுன் அவளை எடு. அவள் சாப்பிட்டாளா, நித்திரை கொண்டாளா, மகன் எப்படிப் படிக்கிறான் என்று கேள். அம்மாவைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதையும் அவளிடமே தனியாகக் கேள். அங்கிருந்து செய்யக்கூடிய வேலைகளை அவள் கையிலிருந்து நீ வாங்கிக்கொள். தண்ணீர், மின்சாரக் கட்டணங்கள், விசேட வைத்தியரிடம் நேரம் எடுப்பது எல்லாம் இணையத்தில் செய்யலாம். அம்மாவின் குளிசைகள், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து எங்கள் எல்லோருடைய தொலைபேசிக்கும் அனுப்பு. வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் இந்த நோய்க்கு ஆகாது, அதைத் தலைப்பிலேயே பெரிதாகப் போடு. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அதை இங்கிருந்துதான் அழைக்கவேண்டும். அதனால் எதிர்வீட்டு ஆன்ரியின் இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு ஓகஸ்டிலும் நீ வந்து எங்களோடு கொஞ்சம் இருந்துவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விடுகிறாய். அம்மாவுக்கு நோய் வந்த பிறகு தங்கச்சி ஒரு தேர் பார்க்கவில்லை. வருகிற ஆண்டு அவள் குடும்பத்தோடு போகட்டும். நீ வெள்ளவத்தையில் அம்மாவோடு நில். குளிப்பாட்டுவது, குளிசை நேரம், கோட்டருகில் நிற்பது எல்லாம் நான் காட்டித் தருகிறேன்.

திகதியை அவளிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடு. ஞாயிறு இரவு எட்டரைக்குப் பிறகு அவள் கையில் வேலை இருக்காது. உனக்கு அப்போது காலை பத்து மணி.

அன்புடன்,
அப்பா