பூங்காத் திட்டத்தைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள திருவான்மியூர்வாசிகளுக்கு, வணக்கம்.

நம் தெருமுனைப் பூங்காவை எப்படி மாற்றலாம் என்று எழுதிய முன்மொழிவு மாநகராட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏரியா சபைக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்ட நேரம் ஒதுக்கிய வார்டு உறுப்பினருக்கு முதல் நன்றி. கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள் சிலர்தான். ஆனால் உள்ளே இருக்கும் உருப்படியான யோசனைகளில் பாதிக்கு மேல், வரைவைப் பார்த்துவிட்டு "இது சரிப்படாது" என்று சொன்னவர்கள் கொடுத்தவை. இந்த மடல் முக்கியமாக அவர்களுக்கு.

தோட்டக்கார அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும். நடுவில் கொரியன் புல் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்று எங்களில் சிலருக்கு ஆசை. அவர் சிரித்தார். "இது கடல் மணல் சார். காலையில ஊத்துற தண்ணி மத்தியானம் இருக்காது. லாரித் தண்ணி வாங்கியா புல்லு வளர்ப்பீங்க?" என்றார். அப்புறம் மோட்டார் அறைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே யாரும் நடாமலே பொடுதலை பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கிறது. மிளகு அளவு பூ, அதன் மேல் நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சிகள். மிதித்தாலும் சாகாது, வெட்டிவிடும் வேலையும் அதிகமில்லை. முன்மொழிவில் புல்தரை என்று இருந்த இடத்தில் இப்போது பொடுதலையும் அறுகும் இருக்கின்றன.

மரப் பட்டியலைச் சரிபார்த்தவர் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை. கிண்டி தேசியப் பூங்காவில் இன்றும் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுதான் இந்தக் கடற்கரைக்கு உரிய காடு. அதில் வளர்வதைத்தான் இங்கே நட வேண்டும் என்பதில் அவர் கறார். அடையாறு முகத்துவாரத்தில், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தைத் தொல்காப்பியப் பூங்காவாக மீட்டபோதும் நாட்டு மரங்களைத்தான் நட்டார்கள் என்று நினைவுபடுத்தினார். வீரை, உலக்கைப் பாலை, களா, நொச்சி, காயா எல்லாம் அவர் சேர்த்தவை. காயாம்பூ வண்ணன் என்று பாடத் தெரிந்த எங்களில் ஒருவருக்கும் காயாம்பூவைப் பார்த்த நினைவில்லை. இலைக்காம்பின் அடியில், கொம்போடு ஒட்டி, கொத்துக் கொத்தாகக் கருநீலமாகப் பூக்குமாம். பார்க்கத்தான் போகிறோம்.

மயிலாப்பூர் கோயிலின் தலமரம் புன்னை, நம் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி. இரண்டையும் வாசலிலேயே வைக்க நினைத்தோம். எட்டு போடும் பாதையில் தினமும் நடக்கும் பெரியவர்கள் விடவில்லை. புன்னங்காய் உருண்டு காலடியில் வந்தால் இடுப்பு முறியும், நாவல் பழம் நசுங்கினால் வழுக்கும் என்றார்கள். நியாயம்தான். புன்னை வடக்கு மூலைக்குப் போனது. நாவல், பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் பக்கம் போனது. அங்கே பழம் தரையில் கிடக்கவா போகிறது? வன்னி மட்டும் வாசலில் நிற்கும்.

வேலியோரத்தில் நிற்கும் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மர வரிசையை எடுப்பதில் பெரிய சண்டை வரவில்லை. 2025 தொடக்கத்திலேயே அரசு அந்த மரத்தை நடக்கூடாது என்று தடை போட்டுவிட்டது. ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள், பூவரசு தோள் உயரம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள் என்று கேட்ட மாடி வீட்டுக்காரருக்கு நன்றி. அப்படியே எழுதியிருக்கிறோம்.

கலை விஷயத்துக்கு வருகிறேன். பூங்கா என்றால் ஒரு சிலை வேண்டும் என்று பலர் கேட்டார்கள். யாருடைய சிலை என்று பேச ஆரம்பித்ததும் கூட்டம் எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது; அதில் எந்தத் தலைவரும் இல்லை, பாறையை நெம்பும் நான்கு பேர்தான். அதைச் சொல்லி விவாதத்தை முடித்துவைத்த கவின்கலைக் கல்லூரி மாணவிக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பூங்கா இலைகளை ஈரக் களிமண்ணில் அழுத்தி ஓடு செய்வது, அதைச் சுட்டு உட்சுவரில் பதிப்பது என்பதும் அவருடைய யோசனையே. பார்வை இல்லாதவர்களும் தடவிப் பார்த்து இலையை அறியலாம்.

அதையும் ஒருவர் திருத்தினார். கொசப்பேட்டையில் கொலுப் பொம்மை செய்யும் குயவர் ஐயா வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். தரையிலிருந்து உப்பு ஈரம் ஏறும், கீழ் வரிசை ஓடு பூத்து உதிர்ந்துவிடும் என்றார். அதனால் இரண்டடி உயரத்துக்குக் கருங்கல் பதித்து, அதற்கு மேல்தான் ஓடு. வந்து போன ஆட்டோ கூலியைக்கூட வாங்க மறுத்துவிட்டார்.

வரைபடத்தை இலவசமாக நகல் எடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடைத் தம்பி, கூட்டங்களுக்கு நாற்காலி கொடுத்த கல்யாண மண்டபத்தார், எல்லோருக்கும் நன்றி.

எருக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட எருக்கு வேண்டும் என்கிறார் ஆசிரியை. பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் ஓடும் இடத்தில் வேண்டாம் என்கிறார்கள் அம்மாக்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மோட்டார் அறை அருகே பேசுகிறோம். கருத்து உள்ளவர்கள் வாருங்கள், காப்பி உண்டு.

அன்புடன்,
பூங்கா முன்மொழிவில் கையெழுத்திட்டவர்கள் சார்பில்